தெரியாததற்கு ஒரு நிறம்

எதிர்வீட்டு ஷீலா காலை ஏழு மணிக்கெல்லாம் முன்னறைத் திரையை இழுத்துத் திறந்துவிடுவார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாள். ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் சில வெள்ளைக்காரர்களில் ஒருவர். ஒரு நாள் ஒன்பது மணியாகியும் அந்தத் திரை திறக்கவில்லை. அன்று நான் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். கணினிக்கு முன்னால் இருந்தேனே தவிர, கண் முழுக்க அந்த ஜன்னலில்தான். "இஞ்சேருங்கோ, ஷீலாவின்ர திரை இன்னும் திறக்கேல்லை" என்றேன் கணவரிடம். "நித்திரையா இருப்பா, விடப்பா" என்றார். அப்படிச் சொன்னவர்தான் எனக்கு முன்னமே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இரண்டு பேரும் தெருவைக் கடந்து போய் மணியை அடித்தோம், கதவைத் தட்டினோம், கடிதம் போடும் துவாரத்தால் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கையில் தேநீர்க் கோப்பையோடு ஷீலா வந்து கதவைத் திறந்தார். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை, திரை திறக்கவில்லை, அதுதான் வந்தோம் என்றேன். இன்றைக்குக் கொஞ்சம் கூடத் தூங்கிவிட்டேன், அதில் என்ன பிரச்சினை என்றார். என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை என்றேன். ஏதோ விற்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் எங்களை ஒரு பார்வை பார்த்து, நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினார். நாங்கள் இருவரும் ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்கள் போலச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இந்த நாட்டில் ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் அவர் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். எங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளை வருகிற ரயில் கொஞ்சம் பிந்தினால் போதும், எங்கள் மனம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்பிவிடும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு புதினமாகவே தெரியாது. இங்கே என்னைப்போல இருக்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். இந்தக் குணம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் அதைக் கொண்டுபோய் என் வேலைக்குள்ளும் வைத்துவிட்டேன். அதனால் என் வேலையே போகப் பார்த்தது. போகவில்லை, பயப்படாதீர்கள். நிம்மதியாக இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என்ன வேலை என்று கேட்டால் விளங்கப்படுத்துவது பெரும் பாடு. 'அசெட் மனேஜ்மென்ட் சொஃப்ட்வெயர்' என்று ஒரு கலியாண வீட்டில் சொல்லப்போய், "அப்ப பிள்ளை, என்ர வீட்டு மோர்கேஜை ஒருக்கால் பாருமன்" என்று ஒரு மாமா என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா, இது அந்தச் சொத்து இல்லை. எண்ணெய்த் தாங்கி, குழாய், கொதிகலன் என்று தொழிற்சாலைகளில் இருக்கும் இரும்புச் சாமான்களின் விஷயம். இரும்பென்றால் துருப்பிடிக்கும், ஒழுகும், சிலவேளை வெடிக்கும். ஆகவே அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் பரிசோதிப்பது பழைய வழக்கம். இப்போது அப்படியில்லை. ஒரு சாமான் பழுதாவதற்கு எவ்வளவு வாய்ப்பு, பழுதானால் எவ்வளவு சேதம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்துக் கூடியதை முதலில் பரிசோதிக்கிறார்கள். வீட்டில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் பூக்கன்றுகளுக்கு நல்லது. சமையலறை காஸ் குழாய் ஒழுகினால் வீடே மிஞ்சாது. இரண்டுக்கும் ஒரே கவனம் கொடுக்க முடியுமா? இவ்வளவுதான் விஷயம். மென்பொருளோடு ஆயத்தமான கணக்குமுறைகள் சில வரும். அவை பொருந்தாத இடங்களுக்கு ஏற்றபடி கேள்விகளையும் மதிப்பெண்களையும் நிறங்களையும் புதிதாக அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. சிவப்பு என்றால் உடனே பார். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் இப்போதைக்குக் கவலையில்லை.

நகரத்தின் கிழக்கே, தேம்ஸ் ஆற்றோரம் இருந்த ஓர் எரிபொருள் களஞ்சியத்துக்காக அப்படி ஒரு முறையை அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பெயர் வேண்டாம். முதன்முதலாக முழுப் பொறுப்பும் என் கையில். கைமாறிக் கைமாறி வந்த இடம் அது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய அளவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துபோயிருந்தன. சில தாங்கிகளின் அடித்தகடு இப்போது எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. மென்பொருளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. ஆயத்தமாக வந்த கணக்குமுறை என்ன செய்தது தெரியுமா? வெறுமையான இடத்தில், தாங்கியைக் கட்டியபோது இருந்த தடிப்பைத் தானே எடுத்துப் போட்டு, சாதாரண வேகத்தில்தான் துருப்பிடித்திருக்கும் என்று தானே முடிவுகட்டி, பச்சை காட்டியது. எனக்கு விசர் வந்தது. பார்க்காத ஒன்றுக்குப் பச்சை நிறமா?

களஞ்சியத்தின் தலைமைப் பரிசோதகர் கிரஹாம் என்பவர். நரைத்த தலை, தணிந்த குரல். எதைச் சொன்னாலும் 'கொஞ்சம்' என்று சேர்த்துச் சொல்கிற மனிதர். ஏதாவது பழுது இருந்திருந்தால் இவ்வளவு காலத்தில் எங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றார். தெரியாத இடத்தில் ஆக மோசமானதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன் நான். அது கொஞ்சம் இருண்ட பார்வை அல்லவா என்று சிரித்தார். இருண்ட பார்வையாம்! நாங்கள் எந்த இருட்டுக்குள்ளால் வந்தவர்கள் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். வெறுமையான கட்டம் எல்லாம் ஆக மோசம் என்று அமைத்து, அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் ஓட விட்டேன். திரையில் குங்குமம் கொட்டின மாதிரி. தாங்கி, குழாய், அடைப்பான், ஒன்று மிச்சமில்லாமல் சிவப்பு.  கிரஹாம் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, இது மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்றார். நானும் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். மேசைக்குக் கீழே யாரோ என் காலை மிதித்தார்கள்.

மிதித்தது சரவணன், என் மேலாளர். மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே வேலையோடு தங்கிவிட்டவர். என்னைவிட வயதில் இளையவர். ஆங்கிலத்தில் பேசும்போது நான் 'சுகந்தி', தமிழுக்கு மாறினால் 'அக்கா'. வெளியே வந்ததும் தமிழுக்கு மாறினார். "அக்கா, அவரு பாராட்டல. கடுப்பாயிட்டாரு."

"சுவாரசியம் எண்டுதானே சொன்னவர்?"

"அதான் சொல்றேன். அந்த வார்த்தைய அப்படி இழுத்துச் சொன்னா வேற அர்த்தம். சரி, அத விடுங்க. எல்லாத்தையும் சிவப்பாக்கிட்டா எதைத்தான் மொதல்ல போய்ப் பாக்குறது? அவங்க ஒண்ணையுமே பாக்க மாட்டாங்க. மென்பொருள மூடி வச்சிட்டுப் பழையபடி போயிடுவாங்க."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரியாததெல்லாம் ஏன் இப்படி உடனே மோசமாகத் தோன்றுகிறது என்று என்னையே கேட்டேன். கேட்க வேண்டிய தேவையே இல்லை. பதில் எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசி யுத்தத்தின்போது என் அண்ணை வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் அப்போது இங்கே வந்து குடும்பமாகிவிட்டேன். அம்மா ஊரில், கோண்டாவிலில் தனியாக இருந்தார். ஒரு கட்டத்தில் அண்ணையின் தொடர்பு அறுந்துவிட்டது. மாதக்கணக்கில் ஒரு சொல் இல்லை. நான் அண்ணை போய்விட்டார் என்றே முடிவுகட்டிவிட்டேன். சோறு இறங்காது. தொலைக்காட்சியில் அந்த இடத்தின் பெயர் வந்தால் அறையைவிட்டு ஓடிவிடுவேன். அம்மாவுக்கு அழைப்பு எடுத்தால் பேச்சு வராது, அழுகைதான் வரும். அம்மாவுக்கு அது பிடிக்காது. "ஏன் பிள்ளை அழுகிறாய்? அவன் இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று பேசுவார். "அப்ப இருக்கிறார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று நானும் விடாமல் கேட்பேன். "ஒருதரும் சொல்லேல்லை. தெரியாதெண்டால் தெரியாது. நான் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்." உண்மைதான். அண்ணையின் படத்தை ஒரு கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார் அம்மா. படத்துக்கு மாலையும் போடவில்லை, வருவான் என்று பலகாரமும் சுடவில்லை. போய்க் கேட்டார், அவ்வளவுதான். ஒரு கந்தோரில் விரட்டினால் அடுத்ததற்குப் போனார்.

பிறகு ஒரு நாள் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. "பிள்ளை, நான்தான்" என்றது ஒரு குரல்.  வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே நிலத்தில் இருந்துவிட்டேன். வவுனியாப் பக்கம் ஒரு முகாமில் இருப்பதாகச் சொன்னார். கடைக்கார அண்ணை தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். "என்ர அண்ணை இருக்கிறார்" என்று கடைக்குள் நின்ற எல்லாருக்கும் சொன்னேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருடைய மகனைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது என்று பிறகுதான் சொன்னார். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அப்படி ஓர் அழைப்பு வரவேயில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு வந்தது. அந்த அதிர்ஷ்டத்துக்கு என்ன நியாயம் என்று இன்றுவரை விளங்கவில்லை. அண்ணை எத்தனையோ பாடுபட்டு இந்த நாட்டுக்கு வந்து, இப்போது மச்சாளோடும் பிள்ளைகளோடும் எங்களுக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு வீடு வாங்கி இருக்கிறார்.

அம்மாவின் அந்தப் பேச்சு ரயிலில் எனக்கு நினைவுக்கு வந்தது. தெரியாதெண்டால் தெரியாது. நான் வெறுமையைச் சிவப்பு என்றேன், கிரஹாம் பச்சை என்றார், இரண்டு பேரும் பார்க்காமலேயே சொன்னோம். அடுத்த நாள் சரவணனிடம் போய், தெரியாததற்குத் தனியாக ஒரு நிறம் வேண்டும் என்றேன். சாம்பல். சாம்பல் என்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, போய்ப் பார். எல்லாச் சாம்பலையும் ஒரே நாளில் பார்க்க முடியாது என்பதால், பழுதானால் வேலிக்கு வெளியே இருக்கிற மக்களுக்குச் சேதம் வரக்கூடியதை முதலில் பார். குறித்த காலத்துக்குள் பார்க்காவிட்டால் அது தானாகச் சிவப்பாகும். சரவணன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "ஆமாக்கா. இது வேலை செய்யும்" என்றார். கிரஹாமும் ஒப்புக்கொண்டார். இம்முறை 'சுவாரசியம்' என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

சேதத்தைக் கணக்கிட மென்பொருள் ஒவ்வொரு தாங்கியையும் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் கிடந்த பதினோராம் தாங்கிக்கு வட்டம் விழுந்தபோது நான் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலியைத் தாண்டி, பெருந்தெருவைத் தாண்டி, பார்க்கிங்கின் புது வீடுகள் சில அதற்குள் கிடந்தன. அதில் ஒரு கூரை எனக்குத் தெரிந்த கூரை. பின்பக்கம் பிள்ளைகளின் ஊஞ்சல் கூட மேலிருந்து தெரிந்தது. அண்ணையின் வீடு. எத்தனையோ குண்டுகளுக்குள்ளால் தப்பி வந்த மனிதரைக் கொண்டுவந்து நானே ஒரு வட்டத்துக்குள் இருத்திவிட்டேனே என்று தோன்றியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பவும் பார்த்தேன். வட்டம் நகரவில்லை.

அதோடு இன்னொரு கேள்வி வந்தது. ஒரு வீட்டுக்கு எத்தனை பேர்? எங்கள் தொழிலின் புத்தகத்தில் ஒரு சராசரி இருக்கிறது. கணவன், மனைவி, பாதிப் பிள்ளை என்கிற மாதிரி ஒரு கணக்கு. அண்ணையின் வீட்டை எனக்குத் தெரியாதா? மச்சாளின் தாய் தகப்பன், சின்ன அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெடியன், மாடியில் கிழமைக்கொருக்கால் நடக்கும் மிருதங்க வகுப்பு. சனிக்கிழமை என்றால் அண்ணையின் பழைய பள்ளிக்கூடத்து நண்பர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். சப்பாத்துகள் வாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும் கிடக்கும். அந்தத் தெருவில் இப்படி இன்னும் எத்தனை வீடு. நான் சராசரியை வெட்டிவிட்டுப் பெரிய எண்ணைப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் கிரஹாம் அதைத்தான் முதலில் பிடித்தார். இந்த எண் எங்கிருந்து வந்தது? மறைத்துப் பேச எனக்கு வராது. என் அண்ணையின் வீட்டிலிருந்து வந்தது, அவர் வீடு அந்த வட்டத்துக்குள் இருக்கிறது என்றேன்.  என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். கிரஹாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் கணக்கை வேறொருவர் திரும்பவும் போட்டுப் பார்க்கட்டும், ஆட்களின் எண்ணிக்கையை உள்ளூர்க் கவுன்சிலிடம் கேட்போம் என்றார். சரவணன் புதிதாகக் கணக்குப் போட்டார். கவுன்சில் கொடுத்த எண் புத்தகத்தைவிட என் எண்ணுக்குத்தான் கிட்ட இருந்தது. பதினோராம் தாங்கி பட்டியலின் உச்சிக்கு வந்தது.

உச்சிக்கு வந்தால் என்ன அர்த்தம் தெரியுமா? அந்தப் பெரிய தாங்கியை முழுக்கக் காலிசெய்து, கழுவி, காற்றோட்டம் விட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி, ஒலியலைக் கருவியால் அடித்தகட்டை அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும். கிழமைக்கணக்கில் வியாபாரம் நிற்கும். களஞ்சியத்தின் மேலிடத்தில் ஒருவருக்கு இது அறவே பிடிக்கவில்லை. சரவணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, மனசத் தயார் பண்ணிக்குங்க. தொறந்து பாத்து ஒண்ணுமே இல்லைன்னு வந்துச்சுன்னா, இந்த முறைய தூக்கிப் போடுவாங்க. உங்க ஒப்பந்தம் முடியப்போகுது, நீட்டிக்க நானே கேட்டாலும் மேல ஒத்துக்க மாட்டாங்க." அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. என் வேலை நிலைக்க வேண்டுமென்றால் அந்தத் தகடு பழுதாகி இருக்க வேண்டும். அண்ணையின் வீடு நிலைக்க வேண்டுமென்றால் தகடு நன்றாக இருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் நின்றேன். எதைக் கேட்பது என்று யோசித்து மூன்று தரம் சுற்றி வந்தேன். "அம்மாளாச்சி, தகடு நல்லா இருக்கட்டும். வேலை போனால் போகட்டும்" என்று கடைசியில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும், வேலையும் போகாமல் இருந்தால் நல்லது என்று மெல்ல ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன்.

வாடிக்கையாளரின் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வைத்தவள் நான். ஆகவே அண்ணையிடம் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. சேதத்தைக் குறைக்க ஒரு வழி ஆட்களை வட்டத்துக்கு வெளியே எடுப்பது என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். நான் அண்ணைக்குப் போன் எடுத்து, "இந்தச் சனிக்கிழமை எல்லாரும் எங்கட வீட்டை வாங்கோ, நான் ஆட்டிறைச்சி காய்ச்சிறன்" என்றேன். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டேன். அதற்கடுத்த கிழமையும் கூப்பிட்டபோது அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "என்ன பிள்ளை, என்ர வீட்டுச் சோறு உனக்குக் கசக்குதோ? உன்ர மச்சாள் கோவிச்சுக்கொண்டு நிக்கிறாள்."

"இல்லை அண்ணை. எனக்கு ஆக்களைப் பாக்க ஆசையா இருக்கு."

"உனக்கோ? ஆக்கள் வந்தால் அறைக்குள்ள போய் கொம்பியூட்டரைத் திறக்கிற உனக்கோ?"

கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மிருதங்க வகுப்பையும் என் முன்னறைக்கு மாற்றிவிட்டேன். அந்த அடியில் என் தலை இரண்டாகப் பிளந்தது. என் கணவர் மட்டும் ஏதோ விளங்கியவராக, ஒன்றும் கேட்காமல் பெரிய சட்டியை எடுத்துக் கழுவித் தருவார். உலகத்தில் ஆபத்தைக் கணக்குப் போடுகிற எந்தப் பொறியியலாளராவது ஆட்டிறைச்சிக் கறியால் அதைக் குறைத்திருப்பாரா என்று அடுப்படியில் நின்று நானே சிரித்திருக்கிறேன். இரவில் அவர்கள் எல்லாரும் திரும்பவும் அந்த வட்டத்துக்குள்தான் படுக்கப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் காய்ச்சினேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் கிரஹாம் நேராக எனக்கே அழைப்பு எடுத்தார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. பதினொன்றின் முடிவு வந்துவிட்டது, தகடு நன்றாக இருக்கிறது, அங்கங்கே சில சின்னக் குழிகள் மட்டும், இன்னும் பல வருடம் தாங்கும் என்றார். உங்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும் என்று வருந்துகிறேன் என்றார். "ஐயோ!" என்று கத்திவிட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போலும், உண்மையாகவே வருந்துகிறேன், உங்கள் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார். இல்லை, கிரஹாம், எனக்கு ஏமாற்றம் இல்லை, நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்றேன். நல்லதாக இருக்கிற ஒன்றைப் பார்த்து ஏன் ஏமாற வேண்டும்?  உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் நிம்மதி என்றார் அவர். இங்கே வேலைக்கு வந்த காலத்திலிருந்து தினமும் காலையில் காரை நிறுத்திவிட்டு, அலுவலகத்துக்குள் போக முன்னர் பதினொன்றை ஒரு தரம் சுற்றி நடந்து மணம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். இந்த மனிதரைப் போய் எப்படியெல்லாம் நினைத்தேன் என்று எனக்கே பாவமாக இருந்தது.

ஒரு கிழமை என் வேலை அந்தரத்தில் கிடந்தது. மேலிடத்து மனிதர் முகத்தைச் சுளித்தாராம், வீண் செலவு என்றாராம். பிறகு சரவணன் வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டு, "அக்கா, ஒண்ணு சொல்லட்டா?" என்றார். "சொல்லித் தொலையும்" என்றேன். அவர்களுடைய அடுத்த களஞ்சியத்துக்கும் இதே முறைதான் வேண்டுமாம், எதை மாற்றினாலும் சாம்பல் நிறத்தை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கிரஹாம் தன் கையால் எழுதியிருக்கிறாராம். ஒப்பந்தம் நீடித்தது. அன்று பின்னேரம் அந்த வெறுமையான கட்டத்தில் பதினோராம் தாங்கியின் தடிப்பை நானே தட்டெழுதினேன். சாம்பல் மெதுவாகப் பச்சையாக மாறியது. இவ்வளவு காலம் இந்த வேலையைச் செய்கிறேன், ஒரு நிறத்தைப் பார்த்து இப்படி மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் திரும்பவும் அண்ணையின் வீட்டில். மச்சாளின் கோபம் தீர, நான் ஒரு தட்டு வட்டிலாப்பத்தோடு முதல் ஆளாகப் போய் நின்றேன். பின்வளவில் கதிரைகளை விரித்துக்கொண்டிருந்த அண்ணையிடம், அந்தப் பக்கம் தெரிந்த வெள்ளைத் தாங்கிகளைக் காட்டி, இந்த வீட்டை வாங்கும்போது இதைப் பார்த்துப் பயப்படவில்லையா என்று கேட்டேன். "புரோக்கர் சொன்னவன்தான், உது இருக்கிறபடியால்தான் விலை குறைவு எண்டு" என்றார் அண்ணை. "நான் யோசிச்சன். அங்கை நாலு பக்கத்தாலையும் வெடிச்சது. இஞ்சை வெடிச்சால் ஒரு பக்கத்தாலைதானே. வாங்கிப்போட்டன்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சாப்பாடு போடுகிற நேரம் என் போன் அடித்தது. கோண்டாவிலிலிருந்து அம்மா, முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. "அண்ணை போன் எடுக்கிறான் இல்லை. என்ன நடந்தது?" அங்கே பொழுதுபட்டு விளக்கு வைத்தாயிற்று. அம்மாவின் நெற்றியில் திருநீறு தெரிந்தது. இங்கே இன்னும் நல்ல வெயில். ஒன்றுமில்லை அம்மா, இந்தா பாருங்கோ என்று போனைத் திருப்பிக் காட்டினேன். அண்ணை கரண்டியும் கையுமாக, யாரோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கண் அவருக்குப் பின்னால் போனது.

"உது என்ன பிள்ளை, வெள்ளையா, உயரமா?"

"எண்ணெய்த் தாங்கி அம்மா."

"ஐயோ, வீட்டுக்குக் கிட்டவோ? ஆபத்தில்லையோ?"

யுத்த காலத்தில் நான் இங்கிருந்தும் அம்மா அங்கிருந்தும் ஒருவரையொருவர் எத்தனையோ தரம் கேட்ட கேள்வி இது. ஒரு தரம்கூட எங்கள் இருவரிடமும் பதில் இருந்ததில்லை.

"இல்லை அம்மா. நான் பாத்திட்டன்."

"உண்மையா?"

"உள்ளுக்கு ஆக்களை இறக்கிப் பாத்திட்டன். நல்லா இருக்கு."

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. "சரி, அப்ப நான் கொஞ்ச நேரம் உங்களை இப்பிடியே பாத்துக்கொண்டிருக்கிறன், வெட்டிப்போடாதை" என்றார். நான் கையை அசைக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கையில் கோண்டாவிலின் இருட்டு. எதிரே பார்க்கிங்கின் வெயிலில் அண்ணை. என்னுடைய சோறு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.